அரை லிட்டர் பாட்டில்

கார்த்திகை பிறந்தால் மணிமுத்தாறு பக்கம் மழை விடாது. அந்தக் குளிரில், ராத்திரி இரண்டு மணிக்குப் பேரனுக்கு நெஞ்சு 'கீச் கீச்' என்கிறது. ஆச்சி மருமகளிடம் சொல்வாள்: "பொழுது விடியட்டும்மா, அம்பாசமுத்திரம் போய்ப் புகை வச்சிட்டு வந்திருவோம்." புகை என்றால் நெபுலைசர்.

'பஃப்' எனும் இன்ஹேலர் என்றால் மட்டும் வீட்டில் பயம். பழகிவிடுமாம்! கணக்கைப் பாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் சிரப் 5 மில்லியில் இருப்பது 2 மில்லிகிராம். அதே மருந்து பஃப்பில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். இருபதில் ஒரு பங்கு. சிரப் உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்க வைக்கும். பஃப் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும்.

அழுத்தும்போதே உறிஞ்சச் சின்னப்பிள்ளைக்குத் தெரியாது. அதற்குத்தான் பஃப்புக்கும் வாய்க்கும் நடுவில் ஸ்பேசர் என்ற கூடு. கேப்டவுனில் குழந்தை மருத்துவர்கள் சாதாரண அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு, பஃப்பைச் செருகிக் காற்றுப் போகாமல் அடைத்துப் பார்த்தார்கள். விலை கொடுத்து வாங்கும் ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது. 1999-இல் லான்செட் இதழில் வந்த செய்தி இது.

ஒரு அழுத்து, ஐந்தாறு மூச்சு, பிறகு அடுத்தது. தினமும் போடச் சொன்ன தடுப்பு பஃப் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். பிள்ளை ஓடியாடுகிறான் என்று அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மூச்சு வாங்கும்போது விலா உள்ளே இழுத்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ பொழுது விடியக் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.