கையெழுத்துப் போட்ட பிறகும் கேட்கலாம்

மலேசியாவின் செராஸ் வட்டார அடுக்குமாடிகளில் மாதக் கடைசியில் கையிருப்பு தீர்ந்து தவிக்கும் குடும்பங்களைத்தான் வங்கியின் தாமதக் கட்டணம் முதலில் தேடி வருகிறது. நியாயமில்லாமல் பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்க அவர்கள் கூச்சப்படவே வேண்டாம். ‘ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்றே’ என்பார்கள். இருந்தாலும் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 75ஆவது பிரிவின்படி, ஒப்பந்தம் மீறப்பட்டால் அதில் எழுதிய தொகை வெறும் உச்சவரம்பு; அதற்குள் நியாயமான இழப்பீடே சேரும். ஆனால் அத்தொகை நியாயமற்றது என்று காட்டும் பொறுப்பு தவணை தவறியவருடையது என்று 2018இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் கணக்கறிக்கை, கடிதம், குறுஞ்செய்தி எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அதன் இறுதிப் பதில் சரியில்லையென்றால், 6 மாதத்துக்குள் எஃப்.எம்.ஓ.எஸ். என்ற நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவையை நாடலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய இச்சேவைக்கு நாம் பணம் கட்ட வேண்டியதில்லை. வங்கியின் பொதுவான கட்டண விகிதமே அதிகம் என்ற புகாரை அது விசாரிக்காது, உண்மைதான். ஆனால் சொல்லாமல் பிடித்ததையும் தப்பாகக் கணக்கிட்டதையும் அங்கே கேட்கலாம். கடனே கழுத்தை நெரிக்கிறதா? 2006இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தின் சேவையும் இலவசம்தான்.