கோடையில் ஒரு சிறு பரீட்சை

சித்திரை மாதத்தில் திருச்சிராப்பள்ளிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே காவிரி மணல் காலைச் சுடுகிறது. அதையே சற்று ஆழத் தோண்டினால் ஈரம் காண்கிறது. மேலுள்ள உலர்ந்த மணல் கீழுள்ள ஈரத்துக்குப் போர்வையாயிருப்பதே காரணமாகும்.

இதை நீங்களே சோதிக்கலாம். சமமான இரண்டு தகரப் பாத்திரங்களில் ஒரே எடையுள்ள தோட்டத்து மண்ணை நிரப்பி, ஒரே அளவு ஜலம் வாருங்கள். ஒன்றை வாழைச் சருகால் மூடி, மற்றொன்றைத் திறந்தபடியே வெயிலில் வையுங்கள். மூன்றாம் நாள் சருகை நீக்கி, இரண்டையும் சங்கத்துத் தராசில் நிறுங்கள். குறைந்த எடையே ஆவியாய்ப் போன ஜலம். திறந்த பாத்திரமே அதிகம் இழந்திருக்கும்.

கடன் வாங்கி ஜலம் இறைப்பவர் சருகைக் கொளுத்துவது தகுமா? அதை வாழையடியில் பரப்புங்கள். நோய் கண்ட சருகை மாத்திரம் விலக்கிவிடுங்கள்.