நீரில்லாக் கழிப்பிடமும் நம் ஏரிக்கரை ஊர்களும்
(பூவிருந்தவல்லி வட்டார ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பேசக் கூசும் பொருள் ஒன்றைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். கூச்சத்தால் நாம் வாய் மூடியிருந்த காலமெல்லாம் நம் வீட்டுப் பெண்டிர் விடியுமுன் இருளிலே ஏரிக்கரை நோக்கி நடந்தனர். ஆகவே இன்று வெளிப்படையாகவே பேசுவோம்.

அம்பத்தூர் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-ஆம் ஆண்டில் தனி மாநகராட்சியாயிற்று. ஆயின் அவற்றிற்கு மேற்கே செம்பரம்பாக்கம், நேமம் போன்ற ஊர்கள் ஊராட்சிகளாகவே உள்ளன. பல ஊர்களில் வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்துவிட்டது, மகிழ்ச்சியே. எனினும் வீட்டைவிட்டு அரைக் கல் தொலைவு போனால் என்ன செய்வது? களத்துமேடு, சுடுகாடு, ஊரெல்லையிலுள்ள கோயில், செங்கற் சூளை ஆகிய இடங்களில் குழாயும் இல்லை, சாக்கடையும் இல்லை. அங்கே கழிப்பறை கட்டிய ஊராட்சிகள் சில உண்டு. நாம் நேரில் கண்ட ஒன்றில் தண்ணீர்த் தொட்டி வெடித்துக் கிடந்தது. கதவு பூட்டிக் கிடந்தது. பின்புறச் சுவரோரமே கழிப்பிடமாகியிருந்தது. தண்ணீர் வாராத இடத்தில் தண்ணீரை நம்பிக் கட்டியதே அங்கு நேர்ந்த பிழை.

குழி தோண்டினாற் போதாதோ என்பீர்கள். மேட்டு நிலத்தில் போதும். நம் ஊர்களிலோ ஏரி நிரம்பினால் கிணறும் நிரம்பும் என்பதைத் தாங்களே அறிவீர்கள். குழியின் அடி ஊற்று நீரைத் தொட்டால் அக்கழிவு கிணற்றிற்கே வந்து சேரும். 2015 திசம்பரில் வெள்ளம் சூழ்ந்தபோது பட்ட துன்பத்தை எவரும் மறந்திரார்.

இதே இடர்ப்பாடுதான் காவிரிக் கரையிலுள்ள முசிறியிலும் இருந்தது. திருச்சி மாவட்டத்து அவ்வூரில் ஸ்கோப் என்னும் தொண்டு நிறுவனம் வேறு வழி கண்டது. அதனை நடத்திய மராச்சி சுப்புராமன் அவர்களுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. தரைக்கு மேலே இரண்டு அறைகள்; அவற்றின்மேல் பீடம். பீடத்தில் மலத்திற்கு ஒரு துளை, சிறுநீர்க்கு முன்புறம் ஒரு வழி, கால் கழுவும் நீர்க்குத் தனியாக ஒரு வழி. கழுவும் நீர் கல்வாழை நட்ட சிறு பாத்திக்குப் போகும். மலத்தின்மேல் ஒரு கை சாம்பல் தூவி மூடிவிடுவர். மேனாட்டு அமைப்புகளில் இம்மூன்றாம் வழி பெரும்பாலும் இராது. அவர்கள் காகிதத்தால் துடைப்போர். நாம் நீரால் கழுவுவோர். இவ்வேறுபாட்டை உணராது அயல்நாட்டுப் பீடத்தை வாங்கி வைத்தால் ஒரே வாரத்தில் நாற்றம் ஊரைக் கூட்டும்.

முசிறியில் 2006-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கும் இவ்வகைக் கழிப்பிடம் அமைந்தது. அங்கே பயன்படுத்துவோரிடம் காசு வாங்காமல் அவர்களுக்கே சிறு தொகை கொடுத்தனர் என்பது சுவையான செய்தி. உரத்தைத் தருபவன் அவனன்றோ! திரட்டிய சிறுநீர் வாழைக்கு இட்டுப் பார்க்கப்பட்டது.

இது புதுமையன்று. 1860-இல் ஹென்றி மூல் என்னும் ஆங்கிலப் பாதிரியார் உலர்ந்த மண் தூவும் கழிப்பிடத்திற்குக் காப்புரிமை பெற்றார். வட வியட்நாமில் 1956 முதல் அரசே ஈரறைக் கழிப்பிடங்களைப் பரப்பியது. ஆயின் அங்கே உழவர்கள் இரண்டு திங்கள் மட்டுமே மூடிவைத்து அள்ளி வயலுக்கு இட்டனர். அது போதாதெனப் பின்னர் விளங்கிற்று. குடற்புழுவின் முட்டை எளிதில் சாவதில்லை. சாம்பலும் சுண்ணாம்பும் மிகுதியாகச் சேர்ந்து காரத்தன்மை ஏறினால் ஆறு திங்களில் அது அழியும். அத்தகைய காரம் இல்லையேல் நம் வெப்பத்தில் ஓராண்டு வேண்டும். நாமோ ஓராண்டையே கணக்கில் கொள்ளச் சொல்லுவோம். ஓர் ஆள் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லிட்டர் மலமும் 500 லிட்டர் சிறுநீரும் கழிக்கிறான். சாம்பலையும் சேர்த்து ஐவர் குடும்பத்திற்கு அறை ஒன்று அரைக் கன மீட்டர் இருத்தல் நன்று. பொது இடத்திற்கு வருவோர் தொகையை எண்ணிப் பெருக்கிக்கொள்க. அறையின் அடித்தளம் பழைய வெள்ளக் குறிக்கு மேலே இருக்கட்டும்.

சாம்பலுக்கு எங்கே போவது என்று ஒரு தாயார் கேட்டார்கள். நல்ல கேள்வி. எரிவாயு அடுப்பு வந்தபின் வீட்டில் சாம்பல் அரிதாயிற்று. செங்குன்றத்து அரிசி ஆலைகளில் உமிச் சாம்பல் கிடைக்கும். ஈரத்தை உறிஞ்சுவதற்கு அது ஏற்றது, காரம் குறைவாதலின் சிறிது சுண்ணாம்பு கலந்துகொள்க. மரத்தூளும் உலர்ந்த சலித்த மண்ணும் ஆகும்.

உழவர்களுக்கு ஒரு சொல். தழைச்சத்தின் பெரும்பகுதி சிறுநீரிலேயே உள்ளது. திறந்து வைத்தால் அது காற்றிலே போய்விடும். மூடிய கலத்தில் வைக்கவேண்டும். பலர் வந்து போகும் இடத்தில் திரட்டியதை ஆறு திங்கள் வைத்திருந்து, நீர் கலந்து, இலையிற் படாது மண்ணில் ஊற்றி மூடுக. அறுவடைக்கு ஒரு திங்கள் முன்பே நிறுத்திவிடுக.

இனி, பலர் மனத்தில் இருந்தும் ஒருவரும் கேளாத கேள்விக்கு வருவோம். அறையைத் திறந்து எடுப்பவர் யார்? பழைய எடுப்புக் கக்கூசை வேறு பெயரில் கொண்டுவந்து, குறிப்பிட்ட தெருவினரை மீண்டும் அதற்கு அழைப்பதாயின், இத்திட்டமே வேண்டா. முற்றும் மக்குமுன் மனிதர் கையால் அகற்ற வேண்டிய கழிப்பறையை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியுள்ளது. எனவே அறையை மூடிய நாளைச் சுவரில் எழுதுங்கள். ஓராண்டு கழியுமுன் பூட்டைத் திறவாதீர்கள். திறக்கும்போது எரு வேண்டும் உழவர் எவராயினும், எத்தெருவினராயினும், தம் மண்வெட்டியுடன் தாமே வந்து எடுக்கட்டும். முதல் முறை ஊராட்சித் தலைவரே மண்வெட்டி பிடிப்பது சாலச் சிறந்தது. மக்கிய எரு மண்ணைப் போலவே இருக்கும். ஈரமும் நாற்றமும் இருந்தால் மீண்டும் மூடிவிட வேண்டியதே.

சாம்பல் நிரப்பவும் பீடத்தைத் துடைக்கவும் ஒருவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். அத்தொகையை எழுதாமல் கட்டடச் செலவை மட்டும் எழுதிய மதிப்பீட்டில் கையெழுத்திடாதீர்கள். பெண்கள் பகுதியில் மூடியுள்ள கூடை ஒன்றும் உட்புறத் தாழும் விளக்கும் இருக்கவேண்டும். மார்ச்சு 22-ஆம் நாள் தண்ணீர் நாள் கிராம சபை கூடும்போது, குழாய் எட்டாத பொது இடங்கள் எவையென ஊர்ப் பெண்களையே முதலில் சொல்லச் செய்து, அவற்றுள் ஒன்றை மட்டும் இவ்வாண்டுக்குத் தேர்ந்துகொள்ளுங்கள்.