அறிந்தவரும் அறியாதவரும்



கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ பற்றிச் சிறிது கூற விழைகின்றோம். இளவரசர் அருள்மொழிவர்மர் கடலில் மூழ்கினார் என்று சோழநாடே கதறுகிறது. அவர் நாகைச் சூடாமணி விகாரத்தில் உயிரோடிருப்பதை நாம் அறிவோம். 985ஆம் ஆண்டில் இராஜராஜராக அரியணை ஏறுவதையும் அறிவோம். வண்டி தாமதமென்று அறிந்த எழுத்தர், மேடையில் காத்திருப்போரைப் பார்ப்பது போன்ற நிலை அது!

ஆதித்த கரிகாலர் கொலையிலோ நமக்கும் இருள்தான். பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. அவன் குற்றமற்றவன் என்பதை மட்டும் அறிவோம். உடையார்குடிக் கல்வெட்டு சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகள் என்கிறது. குத்திய கை எவருடையது என்று கூறவில்லை.

தாராவியில் எம் அன்னையார் எழுத்தறியாதவர். மாட்டுங்காவில் வேலை முடித்து வந்து, நாளொரு அத்தியாயம் படித்துக் காட்டுவோம். கரிகாலர் பெயர் வரும்போதெல்லாம், “முரட்டுப் பிள்ளை, நல்லா இருக்கட்டும்” என்பார். முன்பே நூலை முடித்திருந்த யாம் வாய் திறக்கவில்லை.

அந்த அத்தியாயம் வந்தது. “உனக்கு முன்னமே தெரியுமாடா?” என்றார். தெரியும் என்றோம். இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவிடவில்லை. மூன்றாம் நாள் தாமே எடுத்துக் கொடுத்தார்.

“அந்த வந்தியத்தேவனையாவது விட்டுடுவாங்களா? சொல்லிடாதே, படி” என்றார்.