இதயத்தின் காயமும் அழற்சியின் அளவும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 



மாரடைப்பிலிருந்து அல்லாஹ்வின் அருளால் உயிர் பிழைத்து, நம்மோடு ஸஃப்பில் நிற்கும் சகோதரர்கள் பலர். ஆபத்து அத்தோடு நீங்கிற்று என்று எண்ணுகின்றனர். ஆயின் சிலருக்கு மாதங்கள் கழிந்தபின் நடந்தால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. முதுமை என்று நாம் ஒதுக்கிவிடுகின்றோம். மருத்துவர்கள் இதனை இதயச் செயலிழப்பு என்பர். இதயம் நின்றுவிட்டது என்பது அதன் பொருளன்று. இரத்தத்தைச் செலுத்தும் வலிமை குன்றிற்று என்பதே பொருள்.

இஃது ஏன் நேர்கிறது? இரத்தக் குழாய் அடைபட்டதும், அதனை நம்பியிருந்த இதயத் தசை மடிகிறது. மடிந்ததை அகற்றுவதற்குச் சில மணி நேரத்திலேயே வெள்ளணுக்கள் அங்கு விரைகின்றன. இதுவே அழற்சி. பின்னர் அது தணிய, காயம் தழும்பாகிறது. தழும்பு உறுதிப்படப் பல வாரங்கள் ஆகும். ஆகவே அழற்சி பகையன்று, ரஹ்மத்தே. ஆனால் பணி முடிந்தும் அடங்காவிடில், நலமாயுள்ள தசையையும் அது கெடுக்கிறது. இதயம் விரிந்து தளர்கிறது.

அவ்வாறாயின் மருந்தால் அடக்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். 2017-ல் வெளியான கேன்டோஸ் ஆய்வில், முன்பு மாரடைப்பு கண்ட பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அழற்சியைத் தணிக்கும் ஊசிமருந்து பெற்றோரில் மறு மாரடைப்பு குறைந்தது. ஆயினும் உயிர் பறிக்கும் நோய்த்தொற்று மிகுந்தது. கால்ச்சிசின் என்னும் மாத்திரை 2019-ல் ஓர் ஆய்வில் பயனளித்தது. 2024-ல் ஏழாயிரம் பேரிடம் நடந்த ஆய்வில் பயன் தரவில்லை. தேவையான நெருப்பை அணைப்பதும் கேடு, எரியவிடுவதும் கேடு. அல்லாஹ் அமைத்த அளவை அறிந்தே கை வைக்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ருகூஉவும் ஸுஜூதும் தவறக் கூடாது என்ற ஆர்வத்தில், மூட்டு வலிக்கு இப்யூபுரூபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி அன்றாடம் விழுங்குவோர் உண்டு. அவையும் அழற்சியைத் தணிப்பவையே. எனினும் அவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, தளர்ந்த இதயத்தின் சுமையைக் கூட்டுகின்றன. மாரடைப்பு கண்டவருக்கு மீண்டும் மாரடைப்பு வரும் ஆபத்தையும் மிகுவிக்கின்றன. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் அனுமதித்திருக்கிறது. அச்சலுகையை ஏற்பது குறைவன்று. அமானிதமாகிய உடலைக் காப்பதாகும். இரத்தம் உறையாதிருக்க மருத்துவர் தந்த ஆஸ்பிரின் வேறு. அதனைத் தாமே நிறுத்தலாகாது.

நெஞ்சு வலி வந்தால் வாயுத் தொல்லை என்று விடியும்வரை காத்திராதீர். அடைப்பு எவ்வளவு விரைவில் நீக்கப்படுகிறதோ, அவ்வளவு சிறிதாகும் காயம்; அழற்சியும் அவ்வளவே குறையும். வீடு திரும்பியபின் மூச்சு வாங்கினாலும் கால் வீங்கினாலும் தாமதியாது மருத்துவரிடம் செல்லுங்கள். தவக்குல் என்பது மருந்தை விடுவதன்று. மருந்துண்டு ஷிஃபாவை அவனிடம் வேண்டுவதாகும்.

வல்ல அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.