முட்டை குறைவதேன்?

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கோழி வளர்ப்புக்குக் கடன் பெற்ற குடும்பங்களில் சில, தவணை கட்ட இயலாமல் தவிப்பதை நீங்கள் அறிவீர்கள். காரணம் கேட்டால், "கோழி இனம் சரியில்லை" என்கின்றனர். முட்டை குறைந்ததை ஈடுசெய்யக் கருதி, அதே கொட்டகையில் மேலும் ஐம்பது கோழிகளை விடுவோரும் உண்டு. இது நஷ்டத்தைப் பெருக்கும் வழி.

ஆழ்கூள முறையில் முட்டைக்கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி இடம் வேண்டும். 20 அடி நீளமும் 10 அடி அகலமுமுள்ள கொட்டகை 100 கோழிகளுக்கே போதுமானது. அதில் 150 கோழிகளை அடைத்தால், வலுவற்ற கோழிகள் தீவனத் தொட்டியிலிருந்து விரட்டப்படுகின்றன. கோழிகளுக்குள்ளும் மேலோர், கீழோர் உண்டு. கொத்தும் கோழி தின்னும், கொத்துப்படும் கோழி ஒதுங்கி நிற்கும். எவ்வளவு நல்ல தீவனம் இட்டாலும் அதற்குப் போய்ச் சேருவதில்லை. மேலும், எச்சம் மிகுந்து கூளம் ஈரமாகி, அமோனியா நெடி கிளம்பும். சிறிது நேரம் குனிந்து நிற்கும் நமக்கே கண் எரியுமானால், இரவும் பகலும் அங்கேயே கிடக்கும் கோழியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இனித் தீவனம். முட்டையிடும் கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் உண்ணும். அதைப்போல் இருமடங்கு நீர் பருகும். கோடையில் இன்னும் மிகுதி. தீவனத்தில் புரதம் நூற்றுக்கு 16 முதல் 18 பங்கு இருத்தல் வேண்டும். கம்பும் குருணையும் மட்டும் போட்டால் இவ்வளவு கிட்டாது. பிண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் சேரவேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கை வாங்கிவிடாதீர்கள். அதிலுள்ள நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும்.

ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீவனத்தில் அது போதாவிடில், கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஓடு மெலிந்த முட்டை முதல் எச்சரிக்கை. பிறகு கால் தளர்ந்து கோழி உட்கார்ந்துவிடும். ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால், கிளிஞ்சல் நொறுக்கை மாலையில் தனித் தட்டில் வைப்பது நலம். முட்டையிடத் தொடங்காத இளங்கோழிகளுக்கு இது வேண்டாம், சிறுநீரகம் பழுதாகும்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலும் கோழி கேட்டு வரும் மனுவைப் பரிந்துரைக்குமுன், கொட்டகையை அளந்து பாருங்கள். கோழி அதிகமெனில், முட்டையிடாதவற்றைக் கழித்து விற்கச் சொல்லுங்கள். கொண்டை வெளுத்துச் சுருங்கி, பின்புற இடுப்பெலும்புகளுக்கிடையே இரண்டு விரல் நுழையாத கோழி, அச்சமயம் முட்டையிடாத கோழியாகும்.