எச்சரிக்கை எம் மொழியில் வரட்டும்!

(மலைநாட்டுத் தோட்ட மக்களும், காய்கறிச் செய்கையாளரும், ஆசிரியர், அலுவலர் முதலியோரும் கூடிய பதுளைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



மாரி என்றால் மழை. அம்மழையையே அன்னையாக்கித் தோட்டந்தோறும் கோயிலெடுத்து வணங்கி வருபவர்கள் நாம். ஆனால் இன்று ஐப்பசியும் கார்த்திகையும் பிறந்துவிட்டால், பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் லயன் அறைகளில் வாழும் தாய்மார், பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இரவெல்லாம் கூரையையும் மலையையும் மாறி மாறிப் பார்த்திருக்கின்றனர். வணங்கிய மழையை அஞ்சும் நிலை ஏன் வந்தது? இதனைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாளை நாம் மறக்க முடியுமா? அன்று காலை, கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்தது. லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்திருந்தது. அறிவித்தல் இருந்தது, மாற்று நிலம் இல்லை. அறிக்கை இருந்தது, அது லயன் வாசலை அடையவில்லை.

அதன்பின் பதினோராண்டுகள் சென்றன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மண்சரிவால் மிகுந்த உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டங்களில் நமது பதுளையும் ஒன்று. அந்நாட்களில் எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. தமிழும் அரச கரும மொழியென 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் கூறுகின்றது. சாவு வரும் வேளையிலாவது அச்சட்டம் உயிர் பெற வேண்டாமா?

அன்பர்களே! விஞ்ஞானம் இன்று நமக்கு ஓர் எளிய வழியைத் தந்திருக்கின்றது. கைபேசியில் இணையத் தளங்களைத் திறந்து காட்டும் கருவியை உலாவி என்கின்றோம். அறிவித்தல் வசதியுடைய வானிலைத் தளமொன்றைத் திறந்தால், 'அறிவித்தல் அனுப்பலாமா?' என்று உலாவி நம்மைக் கேட்கும். நாம் இசைந்தால், அத்தளத்தை மூடிய பின்னரும் எச்சரிக்கை பிறந்தவுடன் அது திரையில் தோன்றும். தொலைபேசி இலக்கம் கொடுக்கத் தேவையில்லை. தனிச் செயலி இறக்கத் தேவையில்லை.

இது வெறுங் கனவன்று. கடலுக்கு அப்பால், இந்தியாவின் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 'சச்சேத்' என்னும் தளத்தை நடத்துகின்றது. அங்கு எச்சரிக்கைகள் குறுஞ்செய்தியாகவும் உலாவி அறிவித்தலாகவும் பிராந்திய மொழிகளில் செல்கின்றன. அதற்கு அடிப்படையான பொது எச்சரிக்கை நெறிமுறை, உலக நாடுகள் பலவும் கைக்கொள்ளும் ஒன்று. ஒரே செய்திக்குள் பல மொழிகளையும் தாங்கும் ஏற்பாடு அதிலேயே உண்டு. ஆகவே, தமிழில் அனுப்ப யந்திரம் இடந்தரவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. இடந்தர வேண்டியது மனமே!

மொழி மட்டும் போதுமா? போதாது. மண்சரிவு எச்சரிக்கைகள் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியாகின்றன. 'ஹல்துமுல்ல' என்று அறிவித்தால், அது தன் லயனைக் குறிக்கின்றதா என்று கொழுந்தெடுக்கும் தாய் எவ்வாறு அறிவாள்? அவள் அறிந்தவை தன் தோட்டத்தின் பெயரும், டிவிசனின் பெயருமே. அப்பெயர்கள் எச்சரிக்கையில் இடம்பெற வேண்டும்.

இதன் குறையையும் மறைக்காமல் சொல்வோம். உலாவி அறிவித்தல் வர இணைய இணைப்பு வேண்டும். கைபேசியில் மின்னேற்றம் வேண்டும். டித்வா வீசியபோது மலைநாட்டின் பல இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருங்கே அறுந்தன. மேலும், மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் கையில் கூடை நிறைக்கும் வேலை இருக்கின்றதே தவிர, திரையைப் பார்க்கும் ஓய்வு இல்லை. எனவே கைபேசிக்கு வந்த செய்தி, கைபேசி இல்லாதவர் காதுக்கும் போய்ச் சேர வேண்டும்.

அதற்கு நம்மிடம் பழைய கருவி ஒன்று இருக்கின்றது. விடியுமுன் தப்படித்து நம் பாட்டன்மாரைப் பிரட்டுக்களத்திற்கு அழைத்தார்கள். துரையின் வேலைக்கு அழைத்த அதே தப்பு, இன்று நம் உயிரைக் காக்க முழங்கட்டும்! கோயில் மணியும் ஒலிபெருக்கியும் அதனோடு சேரட்டும். ஒவ்வொரு லயனிலும் படித்த இளைஞர் இருவர் அறிவித்தலைப் பெறும் பொறுப்பை ஏற்கட்டும். இரவில் ஒருவர் உறங்கினால் மற்றவர் விழித்திருக்கட்டும்.

வெலிமடையிலும் பண்டாரவளையிலும் உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிடும் உழவர்களுக்கும் ஒரு சொல். நேர்ப்பக்கங்கொண்ட தகரக் குவளையொன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். அடிக்கோலால் அளந்து பாருங்கள். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால், அதாவது மூன்று அங்குலமானால், விழிப்பாயிருங்கள். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகுங்கள். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது ஒரு மணி நேரத்திலேயே 75 மில்லிமீற்றர் கொட்டினால், ஆபத்தான சரிவில் இருப்போர் வெளியேற வேண்டும் என்பதே ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவு. நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் எந்த அறிவித்தலுக்கும் காத்திராதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்குங்கள்.

இறுதியாக, ஆட்சியாளரிடம் நாம் கேட்பவை மூன்று. எச்சரிக்கை சிங்களத்தில் வெளிவரும் அதே வேளையில் தமிழிலும் வெளிவர வேண்டும். தோட்டத்தின் பெயர் சொல்லி வர வேண்டும். 'வெளியேறு' என்று சொல்லும் அரசு, எங்கே போவதென்பதையும் சொல்ல வேண்டும். அதற்கான நிலத்தையும் வீட்டையும் நம் பெயரில் எழுதித் தர வேண்டும். போக இடமில்லாதவனுக்கு எச்சரிக்கை எதற்கு? அது அவனுக்கு மரணச் செய்தியை முன்கூட்டி வாசித்துக் காட்டுவதாகவே முடியும்!

இந்நாட்டின் தேயிலையை உலகம் பருகுகின்றது. அதனைப் பறித்த கைகளை மண் மூடும்வரை பார்த்திருப்பது நீதியாகாது. 2027ஆம் ஆண்டு முடிவதற்குள் உலகில் ஒவ்வொருவருக்கும் முன்னெச்சரிக்கை கிடைக்க வேண்டுமென ஐக்கிய நாடுகள் சபை இலக்கு வகுத்துள்ளது. அந்த 'ஒவ்வொருவர்' என்ற சொல்லுக்குள் ஊவாவின் லயன் அறைத் தமிழனும் அடங்குவான் என்பதை நாம் நிலைநாட்டுவோம். அடுத்த கார்த்திகை வருமுன் நிலைநாட்டுவோம்!